ஹஸ்பண்ட் ஊபர் ஹை

"கர்ர்ர்ர்" என்றது செட். நடுவே யாரோ தண்ணீருக்குள் முங்கிக்கொண்டே பேசுவதுபோல இரண்டு வார்த்தை கேட்டது. மறுபடியும் "கர்ர்ர்ர்".

செபஸ்தியான் குளியலறைக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வீட்டிலேயே அந்த ஓர் இடத்தில்தான், அதுவும் கையைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே நீட்டினால்தான், அந்தச் சின்ன ரேடியோவில் மனிதக் குரல் என்று ஒன்று வந்தது.

"ஏங்க, முக்கால் மணி நேரமாச்சு. வயித்துக்கு ஏதும் சரியில்லையா?" கதவுக்கு வெளியே சிசிலியா.

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ போ."

"பிறகு உள்ள யாரு கொறட்டை விடுறது?"

செபஸ்தியான் அவசரமாகச் செட்டை அணைத்தார். வரப்போகிற மருமகன் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எந்த மனிதன்தான் மனைவியிடம் சொல்லுவான்?

விஷயம் இதுதான். மகள் பிரிஸ்கில்லா மாயாபந்தரில் டீச்சர். அவளுக்கு டெர்வினைப் பிடித்திருந்தது. டெர்வின் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவன். போர்ட் பிளேயர் லம்பா லைனில் வீடு. இன்னும் மூன்று ஞாயிறு கழித்து அவனுடைய அப்பா அம்மா பேச்சு முடிக்க வருகிறார்கள். பங்குச்சாமியாரைக் கேட்டால் "நல்ல பையன்" என்றார். மீன்காரியைக் கேட்டாலும் "அச்சா லட்கா" என்றாள். படகு ஜெட்டியில் டிக்கெட் கொடுப்பவரும் அதையே சொன்னார்.

அதுதான் செபஸ்தியானைத் தூங்கவிடவில்லை. இத்தனை பேர் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது.

முப்பத்தைந்து வருஷம் படகு என்ஜின்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவர் அவர். வெளியே சத்தம் எவ்வளவு சீராக வந்தாலும் உள்ளே எதுவோ தேய்கிறது என்றே நினைப்பார். பாலை மோந்து பார்த்துத்தான் வாங்குவார். கப்பல் நாளைக்கு என்று போர்டில் எழுதியிருந்தால், உள்ளே போய் இன்னொருத்தரிடம் கேட்டுவிட்டு, வெளியே வந்து மறுபடியும் போர்டைப் படிப்பார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் சிசிலியா. அதற்குக்கூட முதல் இரண்டு வருஷம் பிடித்தது.

ரேடியோ அவருக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து. பாய்மரப் படகில் உலகம் சுற்ற வந்தவர். என்ஜின் நின்றுபோய் மாயாபந்தரில் தவித்தபோது செபஸ்தியான்தான் சரிசெய்து கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் கொடுத்துவிட்டுப் போன சாமான் அது. அதில் பேச முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். அதுவே வரிசையாகத் தேடிப்போய், யார் எந்த அலைவரிசையில் பேசினாலும் நின்று பிடித்துக் கொடுக்கும். ஒருநாள் அதைத் தட்டிப் பார்த்தபோது "ஃபயர் கண்ட்ரோல்" என்று ஒரு சத்தம் வந்தது. கடவுளே வழிகாட்டியதுபோல இருந்தது அவருக்கு.

'வீட்டுக்கு வந்தா எவனும் நல்லாத்தான் பேசுவான். யாரும் கேக்கலன்னு நெனச்சிப் பேசுறப்பத்தான் மனுசன் யாருன்னு தெரியும்' என்று நினைத்தார்.

ஆனால் கேட்டால்தானே தெரியும்? கேட்டதெல்லாம் "கர்ர்ர்ர்".

டிஷ் மாட்டிக் கொடுக்கும் யோகராஜைப் போய்ப் பார்த்தார். யோகராஜ் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, வேலைக்காக மாயாபந்தர் வந்து தங்கிவிட்டவன். கம்பி, கேபிள் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவான்.

"அண்ணே, தகரக் கூரைக்குள்ள உக்காந்து கேக்கிறது டின்னுக்குள்ள உக்காந்து கேக்கிற மாதிரி. சிக்னல் எப்படி உள்ள வரும்?" என்றான். "அதுவும் ஃபயர் ஸ்டேஷன் மேட்டுக்கு அந்தப் பக்கம். மேடு மறைக்குது. செட்டு மேல இருக்கிற இந்த ரப்பர்க் குச்சியைத் தூக்கிப் போடுங்க. அரை மீட்டருக்குச் செம்புக் கம்பி ஒண்ணு நேரா நிக்கணும். அதுக்குக் கீழ நாலு கம்பி, குடைக்கம்பி மாதிரி சரிஞ்சு நிக்கணும். அதைக் கூரை மேல நட்டுட்டா முடிஞ்சுது."

"கேபிளைக் கீழ இழுத்து ரூமுக்குள்ள உக்காந்து கேக்கலாம்ல?"

"கேபிள் நீளமாப் போச்சுன்னா வர்ற கொஞ்சச் சத்தமும் வழியிலயே தீந்துரும். செட்டு கம்பிக்குப் பக்கத்துலயே இருக்கணும்." யோகராஜ் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, இதுக்கெல்லாம் லைசென்ஸ் கேப்பாங்க. யார் பேசுறதக் கேக்கப் போறீங்க?"

"நான் என்ன பேசவா போறேன்? கேக்கத்தானே போறேன். காது எனக்குத் தந்தது கடவுள். அவர் லைசென்ஸ் கேக்கல."

ஆக, செபஸ்தியானே கூரைமேல் ஏறி உட்கார வேண்டும் என்று ஆனது.

மறுநாள் மூன்று மணிக்கு ஏணியைச் சாத்தி ஏறினார். கொல்லைப்பக்கமிருந்து சிசிலியா ஓடிவந்தாள்.

"ஏங்க! என்ன காரியம் பண்ணுறீங்க? போன வருசம் படகுல இருந்து விழுந்து இடுப்புல பிளேட்டு வச்சிருக்கு. ஸ்டூல் மேலகூட ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல? இறங்குங்க!"

"தகரம் ஒழுகுது. ஆணி அடிக்கணும்."

"மழையே இல்ல, எப்படி ஒழுகும்?"

"வரும்போது ஒழுகும்ல?"

சிசிலியா கத்தினாள், கெஞ்சினாள், மாதாவைக் கூப்பிட்டாள். பிறகு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள். 'முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் ஒரு சொல்லுல அடங்குனா' என்று செபஸ்தியான் திருப்தியோடு கம்பியை நட்டு, செட்டைச் சட்டைப் பையில் போட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டார்.

பத்து நிமிஷம் இரைச்சல். திடீரென்று ஒரு குரல்.

"...மேடம் கா போன் ஆயா... டெர்வின்..." கர்ர்ர். "...நிகல் கயா."

செபஸ்தியானுக்கு முதுகு நிமிர்ந்தது. மாயாபந்தரில் பிறந்தவர், இந்தியில்தான் சண்டை போடுவார், இந்தியில்தான் மீன் பேரம் பேசுவார். ஒரு மேடத்திடமிருந்து போன் வந்திருக்கிறது, டெர்வின் கிளம்பிவிட்டான்.

எந்த மேடம்?

அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது ஏணி ஆடியது. கீழே சிசிலியா கையில் போனோடு நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபமே இல்லை. நல்ல மனுஷி.

இரண்டாம் நாளும் அதே நேரம் ஏறினார். அதே போன் வந்தது. இப்போது ஒரு வார்த்தை கூடுதல்: "வஹி மேடம்." அதே மேடம்.

மூன்றாம் நாள் கம்பியை இன்னும் ஓர் அடி உயர்த்தினார். உயர்த்துவதற்காகத் தகரத்தில் நாலு துளை போட்டார். அதற்குப் பலன் இருந்தது. இரைச்சலுக்கு நடுவே, கண்ணாடி உடைந்து விழுவதுபோல, ஒரு வாக்கியம் முழுசாக வந்து விழுந்தது.

"ஹஸ்பண்ட் ஊபர் ஹை. ஜல்தி ஜாவோ."

புருஷன் மேலே இருக்கிறான். சீக்கிரம் போ.

செபஸ்தியான் கூரையிலேயே சிலுவை போட்டுக்கொண்டார். அரை மணி கழித்து இறங்கியவர், எதற்கும் இருக்கட்டும் என்று பழைய ரப்பர்க் குச்சியை மாட்டி, குளியலறைச் சன்னலுக்கு வெளியே செட்டை நீட்டிக் கேட்டார்.

"ஹஸ்பண்ட் நீச்சே ஆ கயா. வாபஸ் ஆவோ."

புருஷன் கீழே வந்துவிட்டான். திரும்பி வா.

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எவளோ ஒருத்தி, புருஷன் மாடியில் இருக்கும்போது போன் போடுகிறாள். இவன் ஓடுகிறான். புருஷன் கீழே வந்ததும் திரும்பி வருகிறான். இதை அத்தனை பேரும் கேட்க வயர்லெஸ்ஸில் வேறு பேசிக்கொள்கிறார்கள்! ஸ்டேஷன் முழுக்கக் கூட்டு!

"அந்தக் கல்யாணத்தைக் கொஞ்சம் யோசிக்கணும்" என்றார் பொதுவாக.

பிரிஸ்கில்லா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். சிசிலியாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன யோசிக்கணும்? அந்தப் பையன் பொறுமை யாருக்கு வரும்? எத்தனை தடவைன்னாலும் ஒரு முகஞ்சுளிப்பு கிடையாது."

"எத்தனை தடவை என்ன? உனக்கெப்படித் தெரியும்?"

சிசிலியா ஒரு கணம் தடுமாறினாள். "கோயில்ல பாக்குறேன்ல" என்றாள்.

"கோயில்ல எல்லாரும் நல்லவங்கதான்" என்றார் செபஸ்தியான். காரணத்தைச் சொல்லவில்லை. பெயரும் முகவரியும் இல்லாமல் சொன்னால் அம்மாவும் மகளும் சேர்ந்து இவரைத்தான் கிழிப்பார்கள். முதலில் அந்த மேடம் யார் என்று தெரிய வேண்டும். அதைவிட, அந்தப் புருஷன் யார் என்று தெரிய வேண்டும். தன் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் தினம் மேலே போய் உட்கார்ந்திருக்கிறானே, பாவி! அவனை நினைக்க நினைக்க செபஸ்தியானுக்கு இரக்கமாக இருந்தது. 'எப்பேர்ப்பட்ட மடையனா இருப்பான்!'

அந்த வாரமே ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி, கூரையில் நிற்கும் கம்பியை அண்ணாந்து பார்த்தார். கடலைப் பார்த்து நிற்கும் எந்தக் கம்பியையும் இந்தத் தீவில் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

"யே க்யா ஹை?" என்றார்.

"துணி காயப்போட" என்றார் செபஸ்தியான்.

போலீஸ்காரர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் சிசிலியா நம்பிவிட்டாள். இல்லை, நம்பியதுபோல் நடித்தாளோ என்னமோ, மறுநாள் கூரைக்குமேல் ஏற ஒரு வேலைக்காரரைக் கூப்பிட்டு நாலு கம்பிக்கும் ஈர வேட்டிகளை மாட்டச் சொல்லிவிட்டாள். போலீஸ்காரர் இரண்டாம் தடவை வந்தபோது வேட்டிகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். ஆனால் அந்த ஈரத்தில் சிக்னல் படுத்துவிட்டது. இரண்டு நாளுக்குச் செபஸ்தியானுக்கு வந்ததெல்லாம் வெறும் "ஊபர்... ஊபர்..." மட்டும்தான்.

அவர் கம்பியைக் கூரையின் முகட்டுக்கு மாற்றினார். பழைய நாலு துளைகள் அப்படியே கிடந்தன. அன்றைக்கே மழை கொட்டியது. விருந்தாளிகளுக்கென்று சிசிலியா உறை மாற்றி வைத்திருந்த சோபாவில் நாலு இடத்தில் சொட்டியது.

"இப்ப ஒழுகுதுல்ல?" என்றார் செபஸ்தியான், முதல் நாள் சொன்னதை நிரூபித்துவிட்டவர்போல.

முகட்டிலிருந்து தெரு முழுக்கத் தெரிந்தது. அடுத்த தடவை "வஹி மேடம்" என்ற சத்தம் வந்த ஐந்தாம் நிமிஷம், சங்கு ஊதாமல், பூனைபோல ஒரு சிவப்பு வண்டி வந்து தெருமுனை வாகைமரத்தடியில் நின்றது. டெர்வின் இறங்கினான். எதிரே நாகராஜின் வீடு. நாகராஜின் மனைவி புஷ்பா சிரித்துக்கொண்டே வெளியே வந்து அவனுக்கு டீ கொடுத்தாள்.

செபஸ்தியானுக்குத் தகரத்தில் கால் வழுக்கியது. பிடித்துக்கொண்டார்.

எல்லாம் பொருந்திவிட்டது. தெருவில் மாடி இருக்கிற ஒரே வீடு நாகராஜின் வீடு. நாகராஜுக்குப் பவர்ஹவுஸில் நைட் டியூட்டி. பகலெல்லாம் மாடியில்தான் படுத்துத் தூங்குவான். ஹஸ்பண்ட் ஊபர் ஹை!

மறுநாள் காலை, டியூட்டி முடிந்து கண்கள் சிவக்க வந்துகொண்டிருந்த நாகராஜை மடக்கினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லுவேன். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"இனிமே மாடியில படுக்காத."

"ஏண்ணே?"

"கேக்கக் கூடாதுன்னேன்ல?"

நாகராஜ் தன் மாடியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான். "விரிசல் ஏதும் விட்டிருக்கா?"

"பெரிய விரிசல். வெளிய தெரியாது" என்றார் செபஸ்தியான். கண்ணில் நீர் வந்துவிட்டது. நாகராஜின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேகமாக நடந்துவிட்டார்.

நிலநடுக்கம் பார்த்த ஊர். விரிசல் என்றால் யாரும் விளையாட மாட்டார்கள். அன்று மத்தியானமே நாகராஜ் கட்டிலை இறக்கி வாசல் வராந்தாவில் போட்டுப் படுத்தான். செபஸ்தியான் கூரை முகட்டிலிருந்து பார்த்தார். நாகராஜின் தொந்தி ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனது நிறைந்தது.

காதில் குரல் வந்தது. "வஹி மேடம். ஹஸ்பண்ட் ஊபர் ஹை."

செபஸ்தியான் நாகராஜைப் பார்த்தார். நாகராஜ் கீழேதான் இருந்தான். கொசு உட்கார்ந்த கன்னத்தைத் தூக்கத்திலேயே அடித்துக்கொண்டான்.

சிவப்பு வண்டி வந்து வாகைமரத்தடியில் நின்றது.

அப்படியானால் இது வேறு மேடம்! ஒன்றல்ல, இரண்டு!

அன்று மாலை புஷ்பா வந்து சிசிலியாவிடம் சண்டை போட்டாள். "எங்க வீட்ல விரிசல்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாராம். இவரு இஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து செவத்தைத் தட்டித் தட்டிப் பாக்குறார். ஒண்ணும் இல்ல. எதுக்கு இப்படிக் கெளப்பி விடுறாரு?"

"வயசாகுதுல்ல, என்னமோ பேசுறாரு" என்று சிசிலியா சமாதானம் சொன்னாள். பிறகு இரண்டு பெண்களும் வாசலில் நின்று கொஞ்சநேரம் மெதுவாகப் பேசினார்கள். பேசிக்கொண்டே ஒரு தரம் கூரையைப் பார்த்தார்கள். செபஸ்தியானுக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது, புஷ்பா மேல்.

வெள்ளிக்கிழமை யோகராஜிடம் போனார். "இடத்தோட பேரு மட்டும் காதுல விழ மாட்டேங்குது. அந்த நேரம் பாத்து இரைச்சல் வருது."

யோகராஜ் யோசித்தான். "வீட்ல என்னென்ன ஓடுது? எல்இடி பல்பு, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் இரைச்சல் போடும். மெயினை அணைச்சிட்டுக் கேளுங்க. இன்னும் உயரம் வேணும். உங்க வீட்டுப் பலாமரம் எவ்வளவு உயரம்?"

"நாப்பது அடி இருக்கும்."

"அந்த உச்சியில வச்சீங்கன்னா டிக்லிப்பூர்ல தும்முறதுகூடக் கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நாலு மணிக்கு டெர்வினின் அப்பா அம்மா வருவார்கள். செபஸ்தியானுக்கு அதற்குள் ஒரு பெயர் வேண்டும், ஒரு தெரு வேண்டும். மகளின் வாழ்க்கை. பூசையிலிருந்து வந்ததும், யாரும் பார்க்காத நேரம் மெயின் சுவிட்சை இறக்கினார். விருந்துக்கென்று ஃப்ரிட்ஜில் வைத்திருந்த சுர்மை மீன் பன்னிரண்டு மணியிலிருந்து அங்கே தன்பாட்டுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. மிக்சி ஓடாமல் சிசிலியா தேங்காயை அம்மியில் அரைத்தாள். இருட்டு அடுக்களையிலிருந்து அவள் கரண்ட் ஆபீசைத் திட்டுவது கேட்டது.

மூன்றேகாலுக்கு ஏணியைப் பலாமரத்தில் சாத்தினார். முதுகில் கம்பி, பையில் செட், காதில் ஒயர். ஏணி முடிந்த இடத்திலிருந்து கிளை பிடித்து ஏறினார். இடுப்பு பிளேட் ஒவ்வொரு கிளையிலும் ஒரு தரம் பேசியது. நாகராஜின் மாடி கண்ணுக்குக் கீழே போனது. பிறகு மாதாகோயில் கூரை கீழே போனது. அதற்கப்பால் கடல் தெரிந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கவையில் உட்கார்ந்து கம்பியைக் கட்டினார். செட்டைத் திருகினார்.

இரைச்சல் இல்லை. துளிகூட இல்லை. மனிதர் ஒருத்தர் அவர் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுவதுபோல இருந்தது.

"கண்ட்ரோல், வஹி மேடம் கா போன். ரோ ரஹி ஹை."

அதே மேடம். அழுகிறாள்.

"ஹஸ்பண்ட்?"

"பகுத் ஊபர் ஹை, சார். ஆஜ் பகுத் ஊபர்."

செபஸ்தியானுக்கு வியர்த்தது. புருஷன் ரொம்ப மேலே. இன்றைக்கு ரொம்ப மேலே. 'ரொம்ப மேலேன்னா... பெரிய ஆபீசர் சம்சாரமா? கடவுளே, இவன் கை எதுவரைக்கும் போயிருக்கு!'

"டெர்வின் கோ போலா?"

"போல் தியா. வோ பி வஹி ஜா ரஹா ஹை."

அவனுக்கும் சொல்லியாயிற்று, அவனும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறான். பெற்றவர்களைப் பெண் பேச அழைத்து வந்திருக்கிற நாளில்! லீவு நாளில்! செபஸ்தியானுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. ஆத்திரத்தால் மட்டும் இல்லை. அவர் கம்பியைக் கட்டிய இடத்தில் இலைகளைத் தைத்து முசிறு எறும்புகள் கூடு வைத்திருந்தன. கூட்டில் பாதி இப்போது அவர் சட்டைக்குள் இருந்தது.

"ஐயோ!"

ஒரு கையால் முதுகைத் தட்டினார். காலை உதறினார். உதறிய கால் கீழ்க் கிளையைத் தேடியது. கிளையைத் தாண்டி ஏணியின் தலையில் பட்டது. ஏணி நிதானமாக, யோசித்து யோசித்துச் சாய்ந்து, கோழிக்கூட்டின் மேல் விழுந்தது.

"சிசிலியா!" என்று கத்தினார். அவ்வளவு உயரத்தில் அது ஒரு பறவைச் சத்தம்போலக் கேட்டது. இடுப்பிலிருந்து கால்வரை மரத்துப்போனது. கீழே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

முதல்முறையாக அவருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. விழப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பிரிஸ்கில்லா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போன முகம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவள் அவரிடம் சரியாகப் பேசவே இல்லை.

அவர் "பரலோகத்தில் இருக்கிற" என்று தொடங்கி முடிப்பதற்குள் சிவப்பு வண்டி வாசலுக்குள்ளேயே வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு ஆட்டோ. ஆட்டோவிலிருந்து டெர்வின் குதித்தான். பெண் பேசப் போடும் வெள்ளைச் சட்டை. பின்னால் பட்டுச்சேலையில் அவன் அம்மா, பழத்தட்டோடு அவன் அப்பா.

"அங்கிள்! கீழ பாக்காதீங்க. மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்குங்க. நான் வர்றேன்."

டிரைவர் பன்னீர்செல்வம் பெரிய ஏணியை நீட்டினார். டெர்வின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். மேலே வந்ததும் முசிறுகள் அவனையும் விசாரித்தன. வெள்ளைச் சட்டை ஒரு கிளையில் மாட்டித் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. செபஸ்தியானின் இடுப்பைச் சுற்றிப் பட்டையைக் கட்டினான். கட்டும்போது பிளேட் வைத்த பக்கம் அழுத்தாமல் கட்டினான்.

"வலது கால் வைங்க. ஆங், அப்படித்தான். அவசரம் இல்ல அங்கிள்."

"அவசரம் இல்லையா? உனக்கு வேற இடத்துக்குப் போகணும்ல?" என்றார் செபஸ்தியான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேற எங்க? இங்கதான் வந்தேன்" என்றான் டெர்வின்.

பொய்யைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறான்!

ஒவ்வொரு படியாக இறங்கித் தரையில் கால் பட்டபோது வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. நாகராஜ், புஷ்பா, யோகராஜ் எல்லாரும் நின்றார்கள். பிரிஸ்கில்லா ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிசிலியா போனை நெஞ்சோடு பிடித்தபடி திகைத்து நின்றாள், முகமெல்லாம் கண்ணீர்.

செபஸ்தியான் டெர்வினைப் பார்த்தார். உயிரைக் காப்பாற்றியவன். கிழிந்த சட்டையோடு நிற்கிறான். கழுத்தெல்லாம் தடிப்பு. ஆனாலும் அவர் ஒரு தகப்பன். மகளை மெதுவாக விலக்கினார்.

"எல்லாரும் இருக்கீங்க. இப்பவே சொல்லிடுறேன். என் உயிரைக் காப்பாத்துனதுக்கு இந்தப் பையனுக்கு நன்றி. ஆனா என் மகளை இவனுக்குத் தர மாட்டேன்."

டெர்வினின் அப்பா கையிலிருந்த பழத்தட்டு லேசாகச் சாய்ந்தது.

"அப்பா!"

"நீ சும்மா இரு. மூணு வாரமா நானே என் காதால கேட்டிருக்கேன். ஒரு பொம்பள தெனம் இவனுக்குப் போன் போடுறா. 'ஹஸ்பண்ட் ஊபர் ஹை'ன்னு கூப்பிடுறா. இவன் வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுறான். 'ஹஸ்பண்ட் நீச்சே ஆ கயா'ன்னா திரும்பிப் போறான். இன்னைக்குக்கூடக் கூப்பிட்டிருக்கா, அழுதுகிட்டே! இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க!"

டெர்வின் வாயைத் திறந்தான், மூடினான். சிசிலியாவைப் பார்த்தான். சிசிலியா தரையைப் பார்த்தாள். புஷ்பா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா, பதில் இல்ல!" செபஸ்தியான் குரல் உயர்ந்தது. "அந்தப் புருசனை நெனச்சுப் பாருங்க. கண்ணு முன்னால நடக்குது, ஒண்ணும் தெரியாம மடையன் மாதிரி மேல உக்காந்திருக்கான். அவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், நானே போய் அவன் காதுல சொல்லுவேன்!"

கோழிக்கூட்டுக்குள் ஒரு கோழி மட்டும் என்னமோ சொன்னது.

அதுவரைக்கும் இந்தப் பேச்சில் கவனமே இல்லாமல் ஏணியை மடக்கி, கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டிருந்த டிரைவர் பன்னீர்செல்வம், கையைத் துடைத்துக்கொண்டு நேராகச் சிசிலியாவிடம் வந்தார்.

"மேடம், ஹஸ்பண்ட் நீச்சே ஆ கயா, நாங்க கெளம்புறோம், நாளைக்கும் ஏறுனார்னா வழக்கம்போல ஒரு போன் அடிச்சிருங்க."